குரூப் பாலிசியில் குரூப் எங்கே?



இந்த மடலின் ஆசிரியர் பகுதிக்கு நான் எடுத்திருக்கும் விஷயம் வறண்டதாகத் தெரியலாம். உலகத்தில் இவ்வளவு நடக்கும்போது கொம்பியூட்டர் செற்றிங்ஸ் பற்றி ஒரு தலையங்கமா எண்டு சிலர் கேட்பீர்கள். கேளுங்கோ. ஆனால் இந்த மடலை வாசிப்பவர்களில் கணிசமானோர் வங்கிக் கோல் சென்டரிலோ, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலோ, பாடசாலை அலுவலகத்திலோ, வெயார்ஹவுஸிலோ ஒரு திரைக்கு முன்னால்தான் வேலை செய்கிறீர்கள். அந்தத் திரை எத்தனை நிமிடத்தில் பூட்ட வேண்டும், எந்த மென்பொருள் அதில் ஓட வேண்டும், நீங்கள் செய்வதில் எது பதிவாக வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் வேலைக்கு வருமுன்னரே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். தொழிலிட ஜனநாயகம் பற்றிப் பேசுகிற நாங்கள் இந்த முடிவுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. இது ஐ.ரி. ஆட்களின் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம்.

நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலையே இந்த விவகாரம்தான். ஆகவே முதலில் அது எப்படி இயங்குகிறது என்று சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் ஐந்நூறு கொம்பியூட்டர் இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் இருந்து செற்றிங்ஸ் மாற்ற முடியாது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட வின்டோஸ் 2000 உடன் அக்டிவ் டிரெக்டரி என்ற அமைப்பும், அதன் பகுதியாகக் குரூப் பாலிசியும் வந்தன. நிறுவனத்தின் எல்லா மெஷின்களும் எல்லாப் பயனர்களும் ஒரு டொமெயினுக்குள் பதியப்படுவார்கள். கணக்குப் பிரிவு, கிளை அலுவலகம், வரவேற்பு என்று உள்ளே அலகுகளாகப் பிரிக்கப்படுவார்கள். நிர்வாகி தன் மேசையில் இருந்தபடி ஒரு விதியை எழுதி ஓர் அலகோடு இணைத்துவிட்டால் போதும். மெஷின்கள் தாங்களாகவே சேர்வரிடம் போய், 'எனக்கு ஏதும் புதுக் கட்டளை இருக்கா' என்று கேட்டுக்கொள்ளும். வழமையாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் வந்து நெரிபடாமல் இருக்க, அதோடு 30 நிமிடம் வரை தற்செயலான ஒரு மேலதிக இடைவெளியும் சேர்க்கப்படும். அதாவது, காலையில் எழுதிய விதி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஐந்நூறு மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இன்று பல இடங்களில் இதே வேலையை இணையம் வழியாக இன்டியூன் போன்ற சேவைகள் செய்கின்றன. கைத்தொலைபேசியும் இப்போது இந்த வலைக்குள் வந்துவிட்டது. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எது வெல்லும்? இதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் மெஷினில் உள்ள உள்ளூர் விதி, பிறகு இடத்துக்கான விதி, பிறகு டொமெயின் விதி, கடைசியாக அலகின் விதி. கடைசியில் வருவதே வெல்லும். ஆக, இயல்பு நிலையில் மேலிடத்தின் விதியை விட, வேலை நடக்கிற இடத்துக்கு மிகக் கிட்ட உள்ள அலகின் விதிக்கே பலம். கீழ் அலகு மேலிருந்து வருவதைத் தடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்லதொரு சமஷ்டி. ஆனால் மேலே உள்ளவர் தன் விதியில் 'என்ஃபோர்ஸ்ட்' என்று ஒரு அடையாளம் போட்டுவிட்டால் கீழே உள்ள தடை எதுவும் எடுபடாது. அந்த அடையாளத்தை யார் போடலாம், எப்போது போடலாம் என்று மென்பொருள் சொல்லாது. அது அரசியல் கேள்வி. பெரும்பாலான வேலையிடங்களில் அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மையமாக நிர்வகிப்பது தீமை என்று நான் சொல்ல வரவில்லை. திட்டமிடலில் நம்பிக்கை உள்ள இடதுசாரிகள் அப்படிச் சொல்வது வேடிக்கையாகவும் இருக்கும். 2017 மே மாதம் வனாக்றை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைத் தாக்கியபோது இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கு சுகாதார ட்ரஸ்ற்கள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அது மெஷின்களுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே குறைந்திருந்தது மையப் பராமரிப்பு. அதற்குத் தேவையான ஆட்களும் பணமும் வெட்டப்பட்டிருந்த காலம் அது. எனவே 'எல்லாரும் தங்கட மெஷினைத் தாங்களே பார்க்கட்டும்' என்பது விடுதலை அல்ல. அதன் விலையை நோயாளிகள் கொடுப்பார்கள்.

ஆனால் மையத்தின் பலமே அதன் பலவீனமும்தான். அதே ஆண்டு ஜூன் 27 அன்று நொட்பெற்யா தாக்கியது. மேர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தின் டொமெயின் சேர்வர்கள் உலகம் முழுவதும் அழிந்தன. ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்ததால் ஒன்றோடு ஒன்றாக எல்லாமே போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. கானாவில் இருந்த சேர்வர், தாக்குதல் நடந்த நேரம் அங்கே கரண்ட் இல்லாததால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றை மீட்டெடுக்க உதவியது ஆபிரிக்காவின் ஒரு மின்வெட்டு. 2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் மையத்திலிருந்து அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் 85 லட்சம் வின்டோஸ் மெஷின்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திணறின. விழுத்த எடுத்தது சில நிமிடம். எழுப்ப, பல இடங்களில் ஐ.ரி. தொழிலாளர் ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் போய் நின்று கையால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. கட்டளை மேலிருந்து தானாக வரும். அதன் விளைவைத் துடைப்பது எப்போதும் ஒரு ஆளின் கை.

இனி எங்கட பிரச்சினைக்கு வருவோம்.

ஹரி பிரேவர்மன் 1974இல் எழுதிய 'லேபர் அன்ட் மொனொபொலி கப்பிற்றல்' நூலின் மையக் கருத்து எங்கள் வாசிப்பு வட்டத்தில் பலருக்குத் தெரியும். வேலையைச் சிந்திப்பதையும் வேலையைச் செய்வதையும் முதலாளித்துவம் பிரித்தெடுக்கிறது. சிந்திப்பது மேலே, செய்வது கீழே. 1911இல் ரெய்லர் தன் 'விஞ்ஞான முகாமைத்துவம்' நூலில் கேட்டதும் அதைத்தான். ஆனால் ரெய்லருக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். தொழிலாளி அவரோடு வாதாடலாம், முறைக்கலாம், சேர்ந்து வேலையை மெதுவாக்கலாம். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிற ஒரு பட்டனோடு யார் வாதாடுவது? 'இந்த செற்றிங் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற ஒரு வரிக்கு முகவரியும் கிடையாது, தொலைபேசி இலக்கமும் கிடையாது.

இது வெறும் தத்துவம் இல்லை. புதிதாக வந்து குடியேறுகிறவர்களுக்கு உதவுகிற ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே வேலை செய்த ஒரு தமிழ் அக்காவின் நாளாந்த வேலையே தமிழில் கடிதமும் அறிவித்தலும் எழுதுவது. வின்டோஸில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. சேர்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த நிறுவனத்தில் கொன்ட்ரோல் பனலையும் செற்றிங்ஸையும் யாரும் திறக்க முடியாதபடி ஒரு பாலிசி போட்டிருந்தார்கள். பொதுவான, எல்லாரும் போடுகிற பாலிசி. அதை எழுதியவருக்கு, மொழி சேர்ப்பதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்ற யோசனை வரவில்லை. அக்கா என்ன செய்தா? தன் சொந்தப் போனில் தமிழில் எழுதி, சொந்த ஈமெயிலில் இருந்து ஒஃபிஸ் ஈமெயிலுக்கு அனுப்பி, அங்கே ஒட்டினா. அகதிக் கோரிக்கையாளர்களின் பெயர், முகவரி எல்லாம் அந்தப் போன் வழியாகப் போய்வந்தன. பாதுகாப்புக்கென்று போட்ட விதி பாதுகாப்பைக் கெடுத்தது. அனுமதி கேட்டு எழுதியபோது 'செக்யூரிட்டி காரணம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நாலு மாதம் எடுத்தது. கடைசியில் மாறியது அந்த அலகுக்கு மட்டும் ஒரே ஒரு விதி. வேலையைச் செய்கிறவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாலு மாதமும் மிச்சம்.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். பாஸ்வேர்ட் கதையைப் பாருங்கள். அறுபது நாளைக்கு ஒருமுறை, தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்று என்று பல வருடங்களாக உலகம் முழுவதும் தொழிலாளரைப் பிடித்து நெருக்கினார்கள். சனம் என்ன செய்தது? பழைய சொல்லின் வாலில் 1, 2, 3 என்று இலக்கம் போட்டது. துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டியது. இதனால் பிரயோசனம் இல்லை என்று துப்புரவு வேலைக்கு வருகிறவருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் கண்ணில்தான் அந்தத் துண்டுகள் படும். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனம் 2017இல்தான், காரணமில்லாமல் காலம் வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டலில் எழுதியது. மைக்ரோசொஃப்ட் 2019இல் தன் பரிந்துரைகளிலிருந்து அந்த விதியை நீக்கியது. கீழே இருந்தவர்கள் சொன்னது சரி. ஆனால் அவர்கள் சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. இன்னமும் பல இடங்களில் அந்த விதி அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, கண்காணிப்பு. திரையைப் பூட்டுகிற அதே குழாய் வழியாகத்தான் கண்காணிப்பு மென்பொருளும் வருகிறது. மெஷின் எழும்பும்போதே தானாக நிறுவலாம். பிரவுசரில் பயனர் கழற்ற முடியாத நீட்சிகளைத் திணிக்கலாம். 2020இல் மைக்ரோசொஃப்ட் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒன்றை வெளிவிட்டது. யார் எத்தனை நாள் ஈமெயில் அனுப்பினார், சாட்டில் எழுதினார் என்பதெல்லாம் ஆளின் பெயரோடு நிர்வாகத்துக்குத் தெரியும்படி இருந்தது. வியன்னாவில் இருக்கும் ஆய்வாளர் வொல்ஃபி கிறிஸ்ல் நவம்பரில் அதைப் பகிரங்கமாக அம்பலப்படுத்தினார். எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பர் 1 அன்று பெயர்களை அகற்றுவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஒரு சில நாள் சத்தம் போட்டதற்கே உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று பின்வாங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை இயற்கை விதிகள் அல்ல. யாரோ போட்டவை. போட்டதை எடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கட ஆட்கள் வாழ்கிற மூன்று இடங்களை மட்டும் எடுக்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோவில் 2022இலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மின்னணுக் கண்காணிப்புப் பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும்; அதன் பிரதியைத் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டும். கண்காணிக்கிறோமா, எப்படி, எந்தச் சந்தர்ப்பத்தில், என்ன நோக்கத்துக்கு என்று அதில் இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் கண்காணிப்புக்கு எந்த எல்லையும் போடவில்லை. சேர்த்த தகவலைப் பயன்படுத்தும் முதலாளியின் உரிமையைக் கட்டுப்படுத்தவில்லை என்று சட்டமே சொல்கிறது. பிரதி தரவில்லை என்று முறைப்பாடு செய்யலாம். 'இப்படிக் கண்காணிக்காதே' என்று முறைப்பாடு செய்ய அதில் இடமில்லை.

நோர்வேயின் 2005ஆம் ஆண்டுத் தொழிற் சூழல் சட்டம் ஒரு படி மேலே. கட்டுப்பாட்டு நடவடிக்கைக்கு நியாயமான காரணம் வேண்டும், அது தொழிலாளருக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக்கூடாது, தொழிலாளர் பிரதிநிதிகளோடு முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், இன்னும் தேவையா என்று தொடர்ந்து மீளாய்வு செய்ய வேண்டும்.

ஜேர்மனியில் 1972ஆம் ஆண்டு வேலையிட அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, தொழிலாளரின் நடத்தையையோ செயற்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பச் சாதனத்தை நுழைப்பதற்குத் தொழிலாளர் சபையின் சம்மதம் தேவை என்கிறது. ஆலோசனை போதாது, சம்மதம் வேண்டும். முதலாளிக்கு அந்த நோக்கமே இல்லாவிட்டாலும், சாதனம் கண்காணிக்கக்கூடியதாக இருந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் விளக்கம் கொடுத்துள்ளன. இணக்கம் வராவிட்டால் ஒரு சமரச அமைப்பு முடிவு செய்யும். நிரந்தரமாக ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே சபை தெரிவு செய்யலாம், குடியுரிமை தேவையில்லை. இருந்தும் எங்கட ஆட்கள் அடுப்படியிலும் சுத்திகரிப்பிலும் வேலை செய்கிற எத்தனை இடத்தில் சபை இருக்கிறது? உரிமை புத்தகத்தில் கிடந்தால் காணாது. சங்கம் இருந்தால்தான் சட்டம் எழும்பி நடக்கும்.

'மெஷின் முதலாளியின்ர, விதியும் அவர்தானே போடுவார்' என்று சிலர் சொல்வார்கள். தொழிற்சாலையும் முதலாளியுடையதுதான். அதற்காக இயந்திரத்துக்குப் பாதுகாப்பு வேலி போடச் சொல்லி, கழிவறைக்குப் போக நேரம் கேட்டு, வேலை வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர் போராடவில்லையா? மெஷின் அவருடையது. அதன் முன் எட்டு மணித்தியாலம் இருக்கிற கண்ணும் முதுகும் எங்களுடையது.

வேலையிடங்களில் உள்ள தோழர்கள் இந்த மாதமே கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

1. எங்கள் மெஷின்களுக்குப் போடப்பட்டுள்ள விதிகளின் பட்டியலை, சாதாரண மொழியில், தொழிலாளருக்குத் தருவீர்களா? வின்டோஸில் 'ஜிபி ரிசல்ட்' என்ற கட்டளை இந்தப் பட்டியலை எடுத்துக் கொடுக்கும். ஆனால் நிர்வாகி உரிமை இல்லாத ஒருவர் போட்டால் தன் கணக்குக்கான பாதியைத்தான் காட்டும். மெஷினுக்கான மற்றப் பாதியைக் காட்டாது. ஆகவே கேட்டுத்தான் பெற வேண்டும்.

2. எவை பாதுகாப்புக்கு, எவை கண்காணிப்புக்கு? இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூட விடாதீர்கள்.

3. ஒரு விதி வேலையைத் தடுத்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும்?

4. சொந்தப் போனில் வேலை ஈமெயில் போடச் சொன்னால், தூரத்திலிருந்து அந்தப் போனை முழுக்க அழிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குப் போகிறதா? போகிறதென்றால் நிறுவனம் போன் தரட்டும்.

ஐ.ரி. பிரிவில் உள்ள தோழர்களுக்கும் ஒரு சொல். நாங்கள் முதலாளியின் கண் அல்ல, நாங்களும் சம்பளத் தொழிலாளர்தான். எங்கட டிக்கெட்டுகளும் எண்ணப்படுகின்றன, எங்கட வேலையும் வெளியாருக்குக் குத்தகைக்குப் போகிறது. விதியை எழுதச் சொன்னால், அது யாரைப் பாதிக்கும் என்று எழுத்தில் கேட்பது எங்கள் தொழில் ஒழுக்கத்தின் பகுதி. சங்கத்தில் சேருங்கள். ஒரு விதி எப்படி வேலை செய்கிறது என்று சக தொழிலாளருக்கு விளங்கப்படுத்துவது பெரிய உதவி.

கடைசியாக, எங்கட வீட்டையும் பார்க்க வேண்டும். புலம்பெயர் தமிழ்ச் சங்கங்களில், தமிழ்ப் பாடசாலைகளில், கோயில் நிர்வாகங்களில் ஈமெயில், அங்கத்தவர் பட்டியல், இணையத்தளம் எல்லாவற்றினதும் சாவி பெரும்பாலும் ஒரே ஆளின் பொக்கற்றில். 'அவர்தான் உதெல்லாம் தெரிஞ்சவர்' என்று விட்டுவிடுகிறோம். சங்கம் பிளவுபட்டால் கொள்கை விளக்கத்தை யாரும் தேடுவதில்லை, பாஸ்வேர்ட்டைத்தான் தேடுவார்கள். முதலாளியிடம் கேட்பதை முதலில் எங்களுக்குள் செய்து காட்ட வேண்டாமா?

எங்கள் கூட்டமைப்பின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நான் வைக்கும் முன்மொழிவு இது. நிர்வாகி அதிகாரம் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். அவர்களைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்யட்டும். பதவிக்காலம் முடிந்ததும் அதிகாரமும் கைமாறட்டும். அவசரத்துக்கான கணக்கின் பாஸ்வேர்ட் முத்திரை வைத்த உறையில் பொருளாளரிடம் இருக்கட்டும். எங்கள் கணக்குகளுக்கும் மெஷின்களுக்கும் போடுகிற விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எல்லா அங்கத்தவர்களுக்கும் அனுப்புவோம். ஒருவர் மறுப்புத் தெரிவித்தால் அது கூட்டக் குறிப்பில் வரட்டும், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லப்படட்டும். பாதுகாப்புக்கு உடனடியாக ஏதும் மாற்ற நேர்ந்தால் நிர்வாகிகள் மாற்றலாம், ஆனால் ஒரு வாரத்துக்குள் காரணத்தை எழுத வேண்டும்.

இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் காணும். திருத்தங்கள் இருந்தால் இந்த மடலுக்கே பதிலாக எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துக் கூட்டத்துக்கு முன் அனுப்பிவைக்கிறேன்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு சார்பில்